ஓடையை ஆழமாக்கும் முன் ஆறு போத்தல் தண்ணீர் எடுங்கள்

கேள்வி:

ஐயா, நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் போரதீவுப்பற்று, வெல்லாவெளிப் பக்கம். எங்கள் வட்டையின், அதாவது வயல்வெளியின், வடிச்சல் தண்ணீர் ஒரு ஓடை வழியாக வாவிக்குப் போகிறது. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் பெக்கோ இயந்திரம் பிடித்து ஓடையைத் துப்பரவு செய்கிறோம். போன வருடம் மட்டும் ஏறக்குறைய 120 கியூப் மண் எடுத்தோம். தை முடிந்து போய்ப் பார்த்தால் ஓடை பழையபடி தூர்ந்து கிடக்கிறது. கடைசி வயல்காரர்களின் வேளாண்மை தண்ணீரில் நின்று அழுகுகிறது. என் மாமா ஒருவர் வாவியில் தோணித் தொழில் செய்கிறார். ஓடை வாயில் முன்பு ஆள் மூழ்கும் ஆழம் இருந்ததாம், இப்போது முழங்கால் அளவுக்குச் சேறுதானாம். "நீங்கள்தானேடா அனுப்புகிறீர்கள்" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சண்டை பிடிக்கிறார். எங்கள் விவசாய அமைப்பில் மூன்று யோசனைகள் இருக்கின்றன: ஓடையை இன்னும் நான்கு அடி ஆழமாக்குவது, இரண்டு கரையிலும் கொங்கிறீற் சுவர் கட்டுவது, ஓடை வாயில் சேறு பிடிக்கும் குழி ஒன்று வெட்டுவது. இவற்றில் எதற்குப் பணம் கேட்கலாம்? வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் மணல் அடைபடுவதும் இந்த மண்ணாலா?

— விவசாய அமைப்பு ஒன்றின் செயலாளர்

பதில்:

தம்பி, இந்த வருடம் மூன்றில் எதற்கும் பணம் கேட்க வேண்டாம். வேறு எதற்குக் கேட்கலாம் என்பதைப் பின்னால் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 120 கியூப் கணக்கு. பெரும்பாலானவர்கள் "நிறைய மண்" என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் எண்ணி வைத்திருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மண் மட்டும் கழுவப்பட்டுப் போகிறது என்று வையுங்கள். அது தீக்குச்சித் தடிப்பில் பாதிதான், நிலத்துக்குச் சொந்தக்காரனின் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 4 கன மீற்றர் மண். நம் கணக்கில் ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஆகவே ஒரு ஏக்கரிலிருந்து போனது கிட்டத்தட்ட 1.4 கியூப். உங்கள் 120 கியூப்பும் வர, மேலே ஏறக்குறைய 85 ஏக்கர் அந்த அளவுக்குத் தேய்ந்தாலே போதும். உங்கள் ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலம் 85 ஏக்கரை விடப் பல மடங்கு பெரிது. பெக்கோ எடுப்பதைவிடக் கூடுதலான மண் ஒவ்வொரு மாரியிலும் வந்துகொண்டே இருக்கும். வருகிற இடத்தில் அதைக் குறைக்காமல் ஓடையில் எவ்வளவு செலவழித்தாலும், அடுத்த தையில் அதே படத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இனி உங்கள் மூன்று யோசனைகளையும் எடுத்துக்கொள்வோம்.

ஆழமாக்குவது. வாவிக்குக் கிட்ட உள்ள ஓடையில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை முடிவு செய்வது வாவியின் நீர்மட்டம். வாவி மட்டத்துக்குக் கீழே நான்கு அடி தோண்டினால் தண்ணீர் வேகமாகப் போகாது. அங்கே ஒரு நீளமான மடு உண்டாகும், அவ்வளவுதான். தண்ணீர் அதற்குள் சோம்பி நிற்கும், நிற்கும் தண்ணீர் மண்ணைக் கீழே போடும், மடு நிரம்பும். இதைவிடப் பெரிய கெடுதல் வெயில் காலத்தில் வரும். வாவித் தண்ணீர் உவரேறியிருக்கும் மாதங்களில், ஆழமான ஓடை அந்த உவரை வயல் பக்கமாக மேலே ஏற்றிவிடும். உவர் ஏறிய வயலை மீட்க எத்தனை போகம் பிடிக்கும் என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் பட்டவர்களிடம் கேளுங்கள். பழைய அடிமட்டம் எதுவோ அதற்குக் கீழே ஒரு அடி கூடத் தோண்டாதீர்கள்.

கடைசி வயல்காரர்களிடம் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாரி வெள்ளத்தில் வாவியே உயர்ந்து நிற்கும் நாட்களில், உலகத்திலேயே சுத்தமான ஓடை இருந்தாலும் அவர்களின் வயலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஓடைத் துப்பரவு உதவுவது அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும். வாவி இறங்கியதும் வயல் மூன்று நாளில் வடிகிறதா, பத்து நாளில் வடிகிறதா என்பதுதான் வித்தியாசம். வேளாண்மைக்கு அந்த ஏழு நாள் பெரிய விஷயம். ஆனால் அதற்கு மேல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு உங்களைத்தான் ஏசுவார்கள்.

கொங்கிறீற் சுவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழவழப்பான சுவர் தண்ணீரை விரைவுபடுத்தும், சுவர் முடிகிற இடத்தில் கரை அரிந்து விழும், அந்த மண்ணும் சேர்ந்து மாமாவின் தோணித் துறைக்குப் போகும். ஒரு மதகின் வாயில், வீதி அரிபடுகிற ஒரு வளைவில், சில அடி கட்டுவது வேறு. நீளத்துக்குக் கட்டுவது வீண்.

சேற்றுக் குழி. இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதே தவறை நான் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஓடை வாயில் 20 அடி நீளம், 10 அடி அகலம், 6 அடி ஆழத்தில் குழி வெட்டச் சொன்னேன். ஊர் மக்கள் மண்வெட்டியோடு வந்து சிரமதானமாக வெட்டித் தந்தார்கள். முதல் பெருமழைக்கு அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது குழி இருந்த இடமே தெரியவில்லை. கீழே தண்ணீர் முன்போலவே செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மக்களின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அதை வெட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் குழியின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது வெறும் 12 கியூப். உங்கள் 120 கியூப்பைப் பிடிக்க அதை ஒரே மாரியில் பத்துத் தடவை வெறுமையாக்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. ஓடையில் நொடிக்கு ஒரு கன மீற்றர் தண்ணீர் வந்தால், மாரியில் அது பெரிய ஓட்டமே அல்ல, அந்தக் குழித் தண்ணீர் முழுவதும் 34 நொடியில் மாறிவிடும். மண் கீழே விழுவதற்கு அது போதுமா? நுண்மணல் அசையாத தண்ணீரில் ஒரு மீற்றர் விழவே இரண்டு நிமிடம் எடுக்கும். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவான வண்டல் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் எடுக்கும். அதைவிட ஐந்து மடங்கு நுண்ணிய களித் துகள் அதே ஒரு மீற்றர் விழ மூன்று நாள் எடுக்கும். தண்ணீரைக் கலக்கி நிறம் மாற்றுவதும், மீனின் செவுளை அடைப்பதும், வாவிப் புல்லுக்கு வெளிச்சம் போகாமல் மறைப்பதும் இந்த வண்டலும் களியும்தான். குழி பிடிப்பது பருமணலை மட்டும்.

ஆனால் இதே கணக்கை மற்றப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு மீற்றர் விழ மூன்று நாள் எடுக்கும் களித் துகள் இரண்டு அங்குலம் விழ எவ்வளவு நேரம் எடுக்கும்? ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். அதிலும் பாதி அளவான துகளுக்கு ஒரு இரவு. இரண்டு அங்குலத் தண்ணீர் அசையாமல் நிற்கிற இடம் உங்கள் வட்டையில் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு வயலும் அதுதானே. நூற்றுக்கணக்கான ஏக்கர், ஏற்கெனவே வரம்பு கட்டி, மட்டம் பார்த்துச் செய்த சேற்றுக் குழிகள். ஒரு சதம் செலவில்லாமல் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை நாம் தலைகீழாகப் பாவிக்கிறோம். அதைத்தான் இந்தப் பதிலில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் நாற்று நடுகை குறைவு, விதைப்புத்தான் அதிகம். சேற்று உழவு அடித்து, மட்டப்படுத்தி, முளைகட்டிய நெல்லை எறிவதற்காகத் தண்ணீரை வெட்டிவிடுகிறோம். உழவு இயந்திரம் வயலை விட்டு ஏறியதும் மண்வெட்டியை எடுத்து, வரம்பில் தண்ணீர் போகும் வாயான வக்கடையைத் திறந்துவிடுகிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த நேரம் வயலில் நிற்பது தண்ணீர் அல்ல, கரைத்த மண். வட்டை முழுவதும் ஒரே கிழமைக்குள் அப்படித் திறந்தால் மழையே இல்லாத நாளிலும் வடிச்சல் ஓடை தேநீர் நிறத்தில் ஓடும். சிறுபோகத்தில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்: வானம் வெளித்துக் கிடக்கும், ஓடை கலங்கிக் கிடக்கும்.

மட்டப்படுத்திய பிறகு வக்கடையை மூடி வைத்து ஒரு இரவு, முடிந்தால் இரண்டு இரவு விடுங்கள். காற்றுக் கடுமையாக அடித்துத் தண்ணீரை அலைக்காவிட்டால், காலையில் போகும்போது மேல்தண்ணீர் தெளிந்திருக்கும். பிறகு வக்கடையை அடிவரை வெட்டாமல், மேலிருந்து மெல்ல மெல்லச் சரித்து, தெளிந்ததை மட்டும் வடியவிடுங்கள். விதைப்பு ஒரு நாள் தள்ளிப்போகும், உண்மை. அந்த ஒரு நாளுக்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது வயலின் மிகச் சிறந்த மண். பொசுபரசு உரம் களித் துகளில்தான் ஒட்டிக்கொண்டு நிற்கும். கலங்கல் தண்ணீரை வெட்டிவிடுகிறவர் காசு கொடுத்து வாங்கிய உரத்தையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார். 2021இல் உரம் கிடைக்காமல் நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டத்தில் ஓடையைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உரத்தைப் பற்றிப் பேசுங்கள், காது கொடுப்பார்கள்.

முன்மாரியில் புழுதியில் விதைக்கிறவர்களுக்கு இந்தச் சேற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. அவர்களுக்கு வரம்புதான் காவல். உழுது பொடியாக்கிய நிலத்தில் முதல் இடிமழை விழும்போது வரம்பு ஒரு இடத்தில் உடைந்தால், அந்த வாய் வழியாக வயலே எழுந்து போகும். ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் வெளியேறும் இடம் ஒன்று மட்டும் இருக்கட்டும், அந்த இடத்தில் புல் வெட்டியோ கல் அடுக்கியோ வையுங்கள்.

சரி, எல்லாமே வயலிலிருந்துதான் வருகிறதா? இல்லை. எவ்வளவு எங்கிருந்து வருகிறது என்பதை நான் இங்கே இருந்து சொல்ல முடியாது, நீங்கள் கண்டுபிடிக்கலாம். தலைப்பில் சொன்ன போத்தல்கள் அதற்குத்தான்.

ஒரு லீற்றர் சோடாப் போத்தல் ஆறு எடுங்கள், எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். ஓடையில் ஆறு இடங்களைக் குறியுங்கள்: வாவிக்குக் கிட்ட ஒன்று, வட்டை முடியும் இடத்தில் ஒன்று, வட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒன்று, வீதி மதகுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மழையை நம்பிப் பயிரிடும் மேட்டுச் சேனை நிலங்களிலிருந்து வரும் கிளை ஓடையில் ஒன்று. ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓடை கலங்கி ஓடும்போது, ஆறு இடத்திலும் ஒரே மணித்தியாலத்துக்குள் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒருவரால் முடியாது, இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடைக்குள் யாரும் இறங்கக் கூடாது. மதகிலோ கரையிலோ நின்று கம்பில் கட்டி எடுங்கள். வெள்ளத்தின் இழுவை ஒரு பக்கம், முதலை ஒரு பக்கம், எலிக்காய்ச்சல் இன்னொரு பக்கம். ஒரு போத்தல் தண்ணீருக்காக யாரும் ஆபத்தில் விழக் கூடாது. ஒவ்வொரு போத்தலிலும் இடத்தையும் நேரத்தையும் எழுதி, அசையாத ஒரு மேசையில் வரிசையாக வையுங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் அடியில் என்ன படிகிறது என்று பாருங்கள். அது மணல். பெரும்பாலும் வீதியிலிருந்தோ இடியும் கரையிலிருந்தோ வருகிறது. மூன்று நாள் ஆகியும் செம்மண் நிறம் தெளியாத போத்தல் பெரும்பாலும் மேட்டு நிலத்துச் சேனையைக் காட்டும். நரைத்த கறுப்பு நிறமாக, தொட்டால் வழுக்கும் சேறாகப் படிந்தால் அது வயல் மண். மதகுக்கு மேலே எடுத்த போத்தலைவிடக் கீழே எடுத்ததில் தடிப்பாகப் படிந்திருந்தால், கூடுதலாக வந்தது அந்த வீதியின் வேலை. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. இரண்டு மூன்று மழைக்கு இப்படி எடுத்துப் படம் பிடித்து வைத்தால், எந்த அதிகாரியிடமும் நீங்கள் வெறும் கையோடு போக வேண்டியதில்லை. மாமாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வாவியில் கண்ட மாற்றத்தைச் சொல்ல, நீங்கள் மேலே கண்டதைக் காட்ட, சண்டை பேச்சாக மாறிவிடும் என்று நான் நம்புகிறேன்.

என் அனுபவத்தில் இந்தப் போத்தல்கள் எல்லோரையும் ஆச்சரியப்படுத்துவது வீதி விஷயத்தில்தான். கிரவல் வீதியை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு கிலோமீற்றர் நீளமும் 12 அடி அகலமுமான வீதி மாரியில் அரை அங்குலம் தேய்ந்தால் 16 கியூப்புக்கு மேல் போய்விடுகிறது. வயல் மண்ணுக்காவது வழியில் வரம்பு தடையாக நிற்கும். வீதி மண்ணுக்கு எந்தத் தடையும் இல்லை. வீதியோரக் கான் அதை நேராக மதகுக்கும், மதகு நேராக ஓடைக்கும் கொண்டுபோய்விடும். பிறகு வருடம் தவறாமல் புதுக் கிரவல் கொட்டுகிறோம், ஓடைக்கு மறுபடியும் சாப்பாடு போட்டதுபோல. சரிவான இடங்களில் 100 அடிக்கு ஒரு முறை கானிலிருந்து பக்கவாட்டில் ஒரு வாய் வெட்டி, தண்ணீரைப் புல்லுக்குள்ளோ பற்றைக்குள்ளோ பரவவிட்டால் மண் அங்கேயே இறங்கிவிடும். மண்வெட்டியோடு நாலு பேர் ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை. பிரதேச சபை வீதியாக இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மேட்டுச் சேனை கொஞ்சம் பொறுமையாகக் கையாள வேண்டியது. அங்கே சோளமும் கச்சானும் செய்கிறவர்கள் உங்களைவிட வசதி குறைந்தவர்கள், அவர்களுக்கு அது ஒரு வருடச் சாப்பாடு. கிழக்கின் மேட்டு மண்ணில் மணல் அதிகம், உயிர்ச்சத்துக் குறைவு, மழைத்துளி அடித்தாலே சிதறிவிடும். சோளம் முளைத்து இலை விரிக்கும் வரை நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. நம் வானம் கடுமையாகக் கொட்டுவதும் அதே கிழமைகளில்தான். அவர்களிடம் போய் "உங்களால்தான் எங்கள் ஓடை தூர்ந்தது" என்று தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். கேட்க வேண்டியது மூன்றே விஷயம். சரிவுக்குக் குறுக்கே வரிசை போடுவது, பழைய தட்டைகளை எரிக்காமல் நிலத்தில் பரப்புவது, ஓடைக் கரையில் ஒரு 30 அடியை வெட்டாமல் விடுவது. சோள வரிசைக்கு இடையில் கவுப்பி போட்டால் நிலமும் மூடும், கையில் காசும் வரும். விதைக் கவுப்பி வாங்க உங்கள் அமைப்பே கொஞ்சம் உதவினால், நூறு புத்திமதியைவிட அது பேசும்.

மாடுகள் ஓடையில் பத்து இடத்தில் இறங்குகின்றனவா? ஒரே இடத்தைத் தெரிந்து கல் பரப்பிக் கொடுங்கள், மற்ற இடங்களை முள்ளால் அடையுங்கள். மேலே யாராவது ஓடைப் படுக்கையில் மணல் அள்ளுகிறார்களா என்றும் பாருங்கள். படுக்கை தாழ்ந்தால் இரு கரையும் தானாகச் சரியும், அந்தச் சரிவு மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே போகும். மணல் அள்ளுவதற்கு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். முறையீட்டை அமைப்பின் பெயரில் எழுத்தில் கொடுங்கள், தனி ஆளாக நின்று வாக்குவாதப்படாதீர்கள்.

இனி பெக்கோ. அதை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது செய்கிற விதம் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. உங்கள் கடிதத்தில் எடுத்த மண்ணை எங்கே போட்டீர்கள் என்று இல்லை. பெரும்பாலும் கரையிலேயே குவித்திருப்பீர்கள். வெட்டிய கையோடு கரையில் குவித்த சேறு முதல் மழைக்கே பாதி திரும்பி ஓடைக்குள் வந்துவிடும். அந்த 120 கியூப்பில் ஒரு பங்கு நீங்கள் இரண்டாம் முறையாகக் காசு கொடுத்து எடுத்த மண்ணாக இருக்கலாம். எடுப்பதைக் கரையிலிருந்து 10 அடியாவது தள்ளிப் பரப்புங்கள், அல்லது தாழ்ந்த காணிக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், சந்தோசமாக ஏற்றிக்கொண்டு போவார்கள். கரையை நெட்டுக்குத்தாக வெட்ட விடாதீர்கள். ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடியாவது சாய்வு வேண்டும். ஒரு வருடத்தில் ஒரு பக்கக் கரையை மட்டும் தொடுங்கள், மறுபக்கப் புல்லும், பாய் பின்ன உதவும் பன் கோரையும் அப்படியே நிற்கட்டும். பன் பற்றையைப் பார்த்தாலே அடைப்பு என்று வழித்தெடுக்கிறோம். ஓடை நடுவில் நின்றால் அடைப்புத்தான், ஓரத்தில் நின்றால் அது சேறு பிடிக்கும் வலை. பாய் பின்னுகிற பெண்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், அறுத்துக்கொண்டு போவார்கள், வேர் நிற்கும். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) அப்படியல்ல. அது வந்தால் முழுவதையும் கரைக்கு இழுத்துப் போட்டுக் காயவிட வேண்டும்.

இடிந்த கரையில் முதல் மழையோடு வெட்டிவேர் நடுங்கள், நாற்றுக்கு நாற்று ஐந்தாறு அங்குல இடைவெளியில் ஒரே வரிசையாக. அதன் வேர் பக்கத்தில் படராமல் நேராகக் கீழே இறங்கும், பத்து அடி வரை போகக்கூடியது. அதற்குப் பின்னால் மருது. மருதமுனை, சாய்ந்தமருது என்று ஊருக்கே பெயர் வைக்கும் அளவுக்கு நம் நீர்க்கரையில் நின்ற மரம் அது. வெள்ளத்தில் நின்றாலும் அழுகாத அதன் வேர் கரையை அள்ளிப் பிடித்து நிற்பதை எந்தப் பழைய ஆற்றங்கரையிலும் காணலாம். மருதும் புன்கும் தாழையும் இருந்த கரைகளை வெட்டிவிட்டு அதே இடத்துக்குக் கொங்கிறீற் கேட்கிறோமே என்று எனக்கு மனம் வருந்துகிறது.

உங்கள் ஓடை வாவியைச் சேர்வதற்கு முன்னால் வெள்ளம் பரவித் தேங்கும் பழைய வில்லு ஒன்றோ தாழ்ந்த பன் நிலம் ஒன்றோ இருந்து, யாராவது நிரப்பி வயலாக்கிவிட்டார்களா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அப்படி ஒன்று இன்னும் மிஞ்சியிருந்தால் பணம் கேட்க வேண்டியது அதற்குத்தான். அதைக் காப்பாற்றி, ஓடை அதற்குள் அகலமாகப் பரவிப் போகும்படி வாயை அமைத்துத் தரச் சொல்லுங்கள். என் இளவயதுக் குழி ஆழமும் ஒடுக்கமுமாக இருந்து தோற்றது. அகலமும் ஆழக்குறைவுமான வில்லு அதே வேலையைச் சரியாகச் செய்யும்.

யாரிடம் போவது என்ற கேள்வி வரும். பாசனப் பரப்பு 80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரையான சிறிய குளங்களும் வாய்க்கால்களும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. உங்கள் வட்டைக்கு நவகிரிக் குளத்துத் தண்ணீர் வருகிறதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் போக வேண்டும். ஆனால் வக்கடைத் தீர்மானத்துக்கு எந்தத் திணைக்களமும் தேவையில்லை. போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் மாடு அகற்றும் திகதியும் தீர்மானிக்கிறீர்கள் அல்லவா, அங்கேயே "மட்டப்படுத்திய பிறகு ஒரு இரவு கழியாமல் வக்கடை திறப்பதில்லை" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வட்டையில் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானை கண்காணிக்கட்டும். தண்ணீர் முறையை அதற்கேற்ப ஒரு நாள் நீட்டித் தர முடியுமா என்று பொறியியலாளரிடம் அதே கூட்டத்தில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் கடைசி வயல்காரர்களுக்கு விதைப்புப் பிந்தும், தீர்மானமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாயை அடைக்கிற மணல் பெரும்பாலும் கடல் கொண்டுவருவது. அலை கரையோரமாக மணலை நகர்த்துகிறது, வாவியிலிருந்து வெளியேறும் நீரோட்டம் பலவீனமான மாதங்களில் அது வாயில் திட்டாகச் சேர்கிறது. உங்கள் ஓடை மண்ணை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. மாமா காட்டுகிற ஓடை வாய்ச் சேறு வேறு கதை, அதில் அவர் சொல்வது சரி. நன்னீரில் தனித்தனியாக மிதந்து வருகிற களித் துகள்கள் உவர்நீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரண்டதும் கனத்து விழும். அதனால்தான் நடுவாவிக்குப் போகாமல், ஓடை வாவியைத் தொடும் இடத்திலேயே சேறு குவிகிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளரும் கண்ணாக் காடும் (அலையாத்திக் காடு) பாசித் தரையும் இருப்பதும் அதே ஓரத்தில்தான்.

விழுந்த சேற்றை எடுக்க வழி சொல்லுங்கள் என்று மாமா கேட்பார். வாவிக்குள் தோண்டுவது உங்கள் அமைப்பின் வேலை அல்ல, அனுமதி இல்லாமல் செய்யவும் கூடாது. கரையில் கண்ணா மரங்கள் மிஞ்சியிருந்தால் தோணி போக ஒரு பாதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். மேலிருந்து வருவது குறைந்தால், மாரி வெள்ளத்தின் இழுவை ஒவ்வொரு வருடமும் அந்தப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவித் தரக்கூடும். எத்தனை மாரி பிடிக்கும் என்று அவருக்கு நாள் குறித்துக் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி மழையில் எடுத்த போத்தல்களின் படங்களை, இடமும் நேரமும் எழுதி, எனக்கு அனுப்பிவையுங்கள். மதகுக்கு மேலேயும் கீழேயும் எடுத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடியுங்கள்.